நீலமாகிய ஆலிவ் திசு

தில்லியில் வெயில் ஏறுமுன்பே ஆய்வகத்துக்கு வந்துவிடுகிறேன். ஆலிவ் மரத் திசுவில் புதிய மரபணுவைச் செலுத்த இங்கே ஆண்டுக்கணக்காக முயன்றதில், கடுகளவு திசு ஒன்றே பிழைத்திருந்தது. அதைக் கோவையிலுள்ள எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுபோகவே இம்முறை வந்தேன், அனுமதி கிடைக்கவில்லை. நாளை இந்த ஆய்வகத்தை மூடுகிறார்கள். மரபணு நுழைந்திருந்தால் திசுவை நீலமாக்கிக் காட்டும் சாயம், அதைக் கொன்றும்விடும். எப்படியும் அழியப்போவதுதானே என்று, அது தெரிந்தும் நேற்று மாலை சாயத்தில் இட்டோம்.

தில்லி ஜனக்புரியில் வளர்ந்த உதவியாளர் சுமதி குப்பியைத் திறக்கிறாள்.

"மேடம், ஜல்தி வாங்க."

திசு முழுவதும் நீலம்.

"அச்சா, அப்ப நாம பண்ணினது சரிதானே?"

"சரிதான், சுமதி."

"சாயம் போடாம கொஞ்சம் வெட்டி வெச்சிருக்கலாம் மேடம்."

"கடுகுல எதை வெட்டறது?"

அவள் சிரிக்க முயல்கிறாள். பிறகு குப்பியை மூடி, வளரும் திசுக்களுக்கான விளக்கின் கீழ் மறுபடியும் வைக்கிறாள்.