எச்சில் பட்ட டிரம்பெட்டுகள்

ஒருத்தன் வாய் வைத்து ஊதியதை இன்னொருத்தன் வாயில் வைப்பானா? என் வீட்டுக்காரர் முதல் டிரம்பெட்டை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்ற அன்று நான் கேட்டது இதைத்தான். சாக்குப் பையிலிருந்து எடுத்து இரண்டு கையிலும் ஏந்திக் காட்டினார். புகையிலை நாற்றமும் பித்தளை நாற்றமும் கலந்து அடித்தது. நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன்.

"யாரு எச்சிலோ, எந்த ஊரு எச்சிலோ, வீட்டுக்குள்ள கொண்டு வரீங்களே. உங்களுக்கே அசிங்கமா இல்லையா?"

"கழுவினாப் போச்சு," என்றார்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்த காலம். அவர் கூட்ஸ் ஷெட்டில் கிராணி, சரக்குக் கணக்கு எழுதும் வேலை. குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், கோயிலுக்குக் கூப்பிட்டால் வருவார். இப்படி ஒரு மனிதர் கிடைத்தாரே என்று நான் நிம்மதியாக இருந்த சமயத்தில்தான் இந்தக் கிறுக்குப் பிடித்தது. அப்போது பேசும் படம் வந்துவிட்டிருந்தது. அதற்கு முன்னால் ஊமைப்படக் கொட்டகையில் திரைக்குக் கீழே உட்கார்ந்து வாசித்த மணிலாக்காரர்களுக்கெல்லாம் வேலை போயிற்று. ரப்பர் விலையும் விழுந்து கிடந்ததால் ஊர் ஊராகப் போன நாடகக் கம்பெனிகளும் கலைந்துவிட்டன. சீனன் அடகுக்கடையில் கைக்கடிகாரங்களுக்குப் பக்கத்தில் டிரம்பெட்டுகள் வரிசையாகத் தொங்கின. வைத்தவன் எவனும் மீட்க வரவில்லை. என் வீட்டுக்காரர் போய் மீட்டுக்கொண்டு வந்தார்.

ஒன்றோடு நின்றாரா? ரயில்வே பாஸ் கையில் இருந்ததால் கிள்ளான் வரைக்கும் போய்த் தேடினார். அங்கே சீனர்களின் சவ ஊர்வலத்தில் வாசிக்கிற பேண்டு ஒன்று கலைந்துபோயிருந்தது. அதிலிருந்தும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சாவு வீட்டு வாத்தியத்தை அரிசித் தகரத்துக்குப் பக்கத்தில் வைத்த மனிதரை நான் என்ன செய்ய? அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டேன், குழம்பு ஊற்றவில்லை. அவர் அதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமையானால் எல்லாவற்றையும் பாயில் பரப்பிவிடுவார். இறுகிப்போன பொத்தான்களுக்குத் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, அமுக்கி அமுக்கிப் பார்ப்பார். வெள்ளி முலாம் தேய்ந்து பித்தளை தெரிகிற இடங்களில் தன் விரலை வைத்துப் பார்ப்பார். "இங்க பாரு, இந்த ஆளுக்குச் சுண்டு விரல் குட்டையா இருந்திருக்கணும்," என்பார். "இவன் ரொம்ப அழுத்திப் பிடிக்கிறவன்."

"புதுசு ஒண்ணு வாங்கக் கூடாதா?"

"புதுசுல யாரும் இருக்க மாட்டாங்களே."

எனக்கு எது அருவருப்பாக இருந்ததோ அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அதை நான் புரிந்துகொண்டேன் என்று சொல்ல மாட்டேன். சண்டை போடுவதை மட்டும் நிறுத்தினேன்.

இத்தனை ஆசை இருக்கிறதே, ஊதத் தெரியுமா என்றால், சுத்தமாகத் தெரியாது. கன்னம் உப்பும், கண் பிதுங்கும், கழுத்து நரம்பு புடைக்கும், வெளியே வருவது எருமை செருமுகிற சத்தம். நான் அடுப்படிக்குள் போய்த் தலையில் அடித்துக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமைகளில் நான் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது வழக்கம். ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் குவியலில் கிள்ளான் டிரம்பெட்டையும் கொண்டு வந்து வைத்துவிட்டார். திட்டிக்கொண்டே தேய்த்தேன். குளியலறைக்குக் கொண்டுபோய் வெந்நீர் ஊற்றி அலசினேன். வளைவுகளுக்குள் நின்ற தண்ணீர் எப்படி உதறியும் வரவில்லை. பின்கட்டில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன். வாய் வைக்கிற குமிழை முந்தானையால் நாலு தடவை துடைத்தேன். தண்ணீர் போகட்டும் என்று ஒரு ஊது ஊதினேன்.

குளியலறை முழுக்க ஒரு சத்தம் நின்றது. நல்ல, முழுமையான சத்தம். அது என் வாயிலிருந்து போனது என்று எனக்கே உடனே புரியவில்லை. அவர் பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு ஓடி வந்தார்.

"நீயா ஊதினே?"

"தண்ணி போறதுக்கு ஊதினேன்," என்றேன். கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி முகமெல்லாம் சுட்டது.

"இன்னொரு தடவை ஊது."

சின்ன வயசிலிருந்து ஈர விறகோடு மல்லுக்கட்டி அடுப்பூதி வளர்ந்த மூச்சு. அது இதற்கு உதவும் என்று யார் கண்டது? கொஞ்ச நாளில், தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போகும்போது கேட்ட காவடி மெட்டு ஒன்றைப் பொத்தான் பொத்தானாகத் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்து காப்பி குடித்ததும் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு அடுப்படியில் நின்று ஊதுவேன். அவர் அரிசித் தகரத்தின் மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். ஒவ்வொரு டிரம்பெட்டுக்கும் ஒரு குணம் இருந்தது. மணிலாக்காரன் வைத்திருந்தது வெடுக்கென்று பேசும். கிள்ளான் சாவு வீட்டு டிரம்பெட் நிதானமானது, மூச்சை வாங்கிக்கொண்டு மெதுவாகக் கொடுக்கும். தொட மாட்டேன் என்று ஒதுக்கியதைத்தான் கடைசியில் நான் கீழே வைக்க மனமில்லாமல் ஊதினேன். ஒரு குடும்பப் பெண் வாயில் குழாயை வைத்து ஊதுகிறாளே என்று ஒவ்வொரு நாளும் கூசினேன். சாயங்காலம் எப்போது வரும் என்று மத்தியானமே காத்துக்கொண்டும் இருந்தேன்.

ஜன்னலைச் சாத்தினால் சத்தம் நின்றுவிடுமா? குவார்ட்டர்ஸ் லைன் முழுக்கக் கேட்டது. அவர்தான் ஊதுகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். வேறு யாரை நினைப்பார்கள்? வழியில் நிறுத்திப் பாராட்டினார்கள்.

"நீன்னு சொல்லிடட்டுமா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"சொன்னீங்கன்னா நான் ரயில்ல விழுந்துடுவேன்."

அன்றிலிருந்து யார் பாராட்டினாலும் வாங்கித் தன் தலையில் போட்டுக்கொண்டார். எனக்காகத்தான். போகப் போக, அந்தப் பாராட்டு அவருக்கும் கொஞ்சம் இனித்தது என்று நினைக்கிறேன். அதில் நான் குறை காணவில்லை.

எனக்கு இருந்த தொல்லை வேறு. அழுத்தி ஊதியதில் உதடு தடித்து, வட்டமாக ஒரு தழும்பு விழுந்துவிடும். மறுநாள் காலை வரை மறையாது. குழாயடியில் பக்கத்து வீட்டு ரயில் கார்டின் சம்சாரம், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், என் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"என்னடி இது, உன் வீட்டுக்காரரு கடிச்சு வெச்சிட்டாரா? மனுஷன் பார்க்கத்தான் சாது போல."

குழாயடியே சிரித்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் மறுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொல்வதற்கு இது எவ்வளவோ மேல் என்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

எதிர் வரிசையில் பெரிய கிராணி இருந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், என் வீட்டுக்காரருக்கு மேலதிகாரி. மனைவியை இழந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்குப் போக நாள் குறித்தாயிற்று. ஒரு காலை எங்கள் வாசலுக்கே வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"தம்பி, நீர் பொழுதுபடேக்க ஊதுறதை நான் ஒவ்வொரு நாளும் கேக்கிறனான். மனுசி போனாப் பிறகு அந்தச் சத்தம்தான் எனக்குத் துணை. எனக்கு ஒரு பிரியாவிடை வைக்கினம். அதில நீர் ஊதவேணும். ஒருக்கா எண்டாலும் பக்கத்திலயிருந்து கேட்டிட்டுப் போறன். மாட்டன் எண்டு சொல்லாதையும்."

என் வீட்டுக்காரர் "சரிங்க" என்று சொல்லிவிட்டார். உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவருக்குச் சொல்லிக் கொடுக்க முயன்றேன். கன்னத்தை உப்பாதீங்க, உதட்டை இறுக்குங்க, வயித்துலேர்ந்து விடுங்க என்றெல்லாம் சொன்னேன். எருமை செருமியது. நாள் நெருங்க நெருங்க இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. கடைசியில், பல்வலி என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது என்று முடிவு பண்ணினோம்.

பிரியாவிடை, கிளப் மண்டபத்தில். வடை, கேக்கு, டீ, மாலை எல்லாம் ஆயிற்று. பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒப்புக்குக் கொண்டு வந்திருந்த டிரம்பெட்டோடு, பல்வலி என்று சொல்லத்தான் எழுந்து போனார். அதற்குள் பெரிய கிராணி தன் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்துப் பல்வலி என்று எவரால் சொல்ல முடியும்? என் வீட்டுக்காரர் டிரம்பெட்டைத் தூக்கினார்.

வீட்டில் வந்ததைவிட மோசமான சத்தம் வந்தது. பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். மறுபடி ஊதினார். இந்தத் தடவை காற்று மட்டும் புஸ்ஸென்று போனது. "கிராணியாருக்கு வீட்டுக்குள்ள இருந்தாத்தான் வரும் போல லா," என்று ஓர் இளவட்டம் சொல்ல, மண்டபமே சிரித்தது. பெரிய கிராணி கண்ணைத் திறந்தார். கோபம் இல்லை, குழப்பம்தான். "பிழையில்லை தம்பி, ஆறுதலா ஊதும்," என்றார். என் வீட்டுக்காரரின் காது மடல் இரண்டும் சிவந்துபோயிருந்தன. எனக்குப் பக்கத்தில் அக்கா மெதுவாகத் திரும்பி என் உதட்டைப் பார்த்தார். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்துவிட்டேன். யோசித்து எழுந்தேன் என்று சொன்னால் பொய். அவரை அங்கே தனியாக நிற்க விட முடியவில்லை, அவ்வளவுதான். ஆண்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்கு நடுவே போய், அவர் கையிலிருந்த டிரம்பெட்டைப் பிடித்தேன். "வேணாம்," என்றார் வாய்க்குள்ளேயே. பிடியை விடவில்லை. பிறகு விட்டார். வாங்கியதும் பழக்கத்தில் அந்தக் குமிழை முந்தானையால் துடைத்தேன். அத்தனை பேர் முன்னால், தாலி கட்டிய புருஷனின் எச்சிலைத் துடைத்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து "ச்சீ" என்று யாரோ சொன்னது தெளிவாகக் கேட்டது.

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு ஊத ஆரம்பித்தேன். காவடி மெட்டு நன்றாகத்தான் வந்தது. பாதி வந்த பிறகுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. ஒவ்வொரு சுரமும் சுத்தமாக விழ விழ, இத்தனை நாள் இவர் ஊரை ஏமாற்றினார் என்று நானே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன். மானத்தைக் காப்பாற்றப் போனவள், சபை நடுவே அவர் வேட்டியை உருவியது மாதிரி ஆக்கிவிட்டேன். தப்பாக ஊதலாம் என்றால் விரல் கேட்கவில்லை. எப்படியோ முடித்தால் போதும் என்று முடித்தேன்.

யாரும் கை தட்டவில்லை. பெரிய கிராணி எழுந்து என்னைப் பார்த்து, "நீங்களோ, பிள்ளை," என்று கும்பிட்டார். மற்ற எல்லாரும் என்னைப் பார்க்கவில்லை, என் வீட்டுக்காரரைத்தான் பார்த்தார்கள். அவர் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு எனக்கு ஓரடி தள்ளி நின்றார். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது.

வெயில் தாழ்ந்திருந்தது. வீட்டுக்கு நடந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். எங்களைத் தாண்டிப் போன சைக்கிள்காரன் ஒருவன் வாயாலேயே டிரம்பெட் சத்தம் செய்துவிட்டுப் போனான். மண்டபத்தில் இருந்தவன்தான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நாளைக்கு இந்த மனிதர் எந்த முகத்தோடு கூட்ஸ் ஷெட்டுக்குப் போவார் என்று நினைத்து நினைத்துப் பத்தடி பின்தங்கிவிட்டேன். அடித்தால்கூடப் பட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் ஒரு நாளும் அடித்தவர் இல்லை. அதுவும் அப்போது பாரமாக இருந்தது.

வீட்டுக்குள் வந்து கோட்டைக் கழற்றி மாட்டினார். உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏங்க, நான் எழுந்திருச்சிருக்கக் கூடாது."

ஒரு சப்பாத்தைக் கழற்றி வைத்தார். மற்றதைக் கழற்றினார். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார்.

"கடைசியில ஏன் அப்படி அவசரப்பட்டே? அது இழுத்து நிறுத்தி ஊதற இடமாச்சே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "எல்லாரும் உங்களையே பார்த்தாங்க. வெட்கமாப் போச்சு. எப்படா முடியும்னு ஆயிடுச்சு."

"எனக்கும்தான் வெட்கமாப் போச்சு," என்றார். "நான் கடைசி வரைக்கும் நின்னு கேட்கலையா?"