ஈரம் காயாத அட்டை

என் தங்கை வீட்டுக்காரரின் முகத்தில் ஈயம் தெறித்தபோது நான் ஆறடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். தெறித்ததற்குக் காரணம் நான் செய்த அட்டை. அந்த நிமிஷமே எனக்கு அது தெரியும். அறையில் இருந்த வேறு யாருக்கும் தெரியாது.

ஜப்பான்காரன் வருவதற்குப் பல வருஷம் முந்தி நடந்தது இது. பினாங்கில், சூலியா தெருவை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த அச்சாபீசில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். முதலாளி நாகூர்க்காரர். பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு, மருந்துக்கடை லேபில், கோயில் நோட்டீஸ் என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்போம். வாய்ப்பாடு மாதிரி திரும்பத் திரும்ப அடிக்கிற பக்கங்களுக்கு ஈய அச்செழுத்துகளைக் கோத்தபடியே வைத்திருக்க முடியாது. அடுத்த வேலைக்கு அதே எழுத்து வேண்டும். அதனால் கோத்த பக்கத்தின் மேல் ஈர அட்டை ஒன்றைப் போர்த்தி, கெட்டி பிரஷால் தட்டித் தட்டி எழுத்துகளை அதில் பள்ளமாகப் பதிய வைப்போம். அட்டை காய்ந்ததும் அதை இரும்புப் பெட்டிக்குள் நிறுத்தி, உருக்கிய ஈயத்தை ஊற்றினால் முழுப் பக்கமும் ஒரே தகடாக வந்துவிடும்.

அட்டை செய்வது என் வேலை. ஈயம் ஊற்றுவது மாப்பிள்ளையின் வேலை. என்னைவிட இரண்டு வயது இளையவர். ஊற்றும்போது மட்டும் பேசமாட்டார். மற்ற நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருப்பார்.

அட்டை என்றால் கடையில் விற்கிற அட்டை இல்லை. அடியில் மை ஒற்றுகிற கனத்த தாள் இரண்டு. அதற்கு மேல் வெங்காயச் சருகு போல மெல்லிய தாள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் கோதுமை மாவுப் பசை. ஆறும் ஒன்றாகிவிட வேண்டும். அதுதான் கஷ்டம். பினாங்குக் காற்றில் எப்போதும் தண்ணீர் இருக்கும். மழை மாதங்களில் பசை இரண்டே நாளில் புளித்துவிடும். ஈயத்தின் சூடு பட்டதும் தாள்கள் ஒன்றைவிட்டு ஒன்று எழும்பிக் கொப்புளம் போடும். கொப்புளம் விழுந்த இடத்தில் எழுத்து சப்பையாக வரும்.

அந்த வருஷம் ஒரே வாரத்தில் நான்கு அட்டை பிரிந்தது. நான்காவது தகட்டை முதலாளி என் காலடியில் போட்டார். ஏழாம் வாய்ப்பாட்டில் பாதி காணவில்லை.

“இதைப் புள்ளைங்க கையில குடுக்கவா? இன்னொரு தடவை பிரிஞ்சா நீ கப்பலேற வேண்டியதுதான் லா” என்றார்.

அவர் சும்மா மிரட்டியிருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆள் குறைத்து, ஜனங்களைக் கும்பல் கும்பலாக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். துறைமுகத்துப் பக்கம் போனாலே தகரப் பெட்டியோடு குந்தியிருக்கும் குடும்பங்களைப் பார்க்கலாம். எனக்கு ஊரில் வீடும் இல்லை, ஆளும் இல்லை. அந்தப் பக்கமாக நடப்பதையே விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஃபெரிப் படகில் அக்கரைக்குப் போய், புக்கிட் மெர்தாஜாமில் ஒரு சீனன் ஆலையிலிருந்து மரவள்ளி மாவு வாங்கி வந்தேன். அது பிடித்தால் விடாது என்று கேள்விப்பட்டிருந்தேன். கோதுமை மாவில் பாதியைக் குறைத்து இதைக் கலந்து காய்ச்சினேன். பசை கண்ணாடி போல வந்தது. செய்த அட்டையின் ஓரத்தை நகத்தால் கீறி உரித்துப் பார்த்தேன். தாள் கிழிந்ததே தவிர பிரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. பத்து இருபது தகடு நன்றாக வரட்டும், அப்புறம் முதலாளியிடம் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன்.

முதல் ஆறு அட்டையும் சுத்தமாக வந்தன. “என்ன மச்சான், கை திருந்திருச்சே?” என்று மாப்பிள்ளை கேலி செய்தார். நான் சிரித்துவைத்தேன்.

அந்த ஆறும் வெயில் நாளில் காய்ந்தவை. ஏழாவது அட்டை செய்த நாள் காலையிலிருந்து மழை. மரவள்ளிப் பசையில் ஒரு குணம் உண்டு. மேலே சீக்கிரம் தோல் கட்டிவிடும், ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். இது எனக்குப் பிறகு தெரிந்த விஷயம் என்று சொன்னால் பாதி பொய். அன்றைக்கு அட்டையை, மழை நாளில் காயவைக்கிற சூட்டுப் பலகையிலிருந்து எடுத்தபோது பார்வைக்குக் காய்ந்து விறைப்பாக இருந்தது. வழக்கப்படி கன்னத்தில் வைத்தேன். நடுப்பகுதி குளிர்ந்தது. காய்ந்த அட்டை குளிராது. அதைத் திரும்பப் பலகையில் வைத்திருக்க வேண்டும். முதலாளி வாசலில் நின்று, “ஆச்சா? ஆச்சா?” என்றார். நான் அதை மாப்பிள்ளையிடம் நீட்டினேன்.

அவர் என் கையிலிருந்து வாங்கியதைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கவில்லை. நான் பார்த்திருப்பேன் என்ற நம்பிக்கை. பெட்டிக்குள் நிறுத்தி முடுக்கினார். சூடு பதமா என்று அறிய ஒரு துண்டுக் காகிதத்தை ஈயத்தில் முக்கி, அது தீப்பிடிக்காமல் பழுப்பாவதைப் பார்த்துக்கொண்டார். கரண்டியைத் தூக்கி, பெட்டியின் வாயில் ஊற்றினார்.

எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் விழுந்த சத்தம் போலக் கேட்டது, ஆனால் பெரிதாக. பெட்டியின் வாயிலிருந்து ஈயம் திரும்பி மேலே வந்தது. கரண்டி தரையில் விழுந்தது. அவர் கத்தவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரைத் தேடி நடந்தார். நான் நகரவில்லை. கால் வரவில்லை. முதலாளிதான் ஓடிப்போய்த் தண்ணீரை ஊற்றி, ரிக்‌ஷா கூப்பிட்டார்.

அவர்கள் போன பிறகு நான் செய்த முதல் காரியத்தைச் சொல்லத்தான் வேண்டும். பெட்டியைத் திறந்து, அந்த அட்டையை எடுத்து, ஈயம் உருக்குகிற அடுப்பில் போட்டேன். நடுவில் பிளந்து, உள்தாள் இன்னும் வெளுப்பாக ஈரமாக இருந்தது. பசைச் சட்டியையும் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஒரு வாரம் போனால்தான் எதுவும் சொல்லமுடியும் என்றார் காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரஸர். தங்கை கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். அழுது முடித்த முகம்.

“எப்படிண்ணே நடந்துச்சு? நீ பக்கத்துலதானே இருந்தே?”

“தெரியலம்மா” என்றேன்.

கட்டிலிலிருந்து மாப்பிள்ளை சொன்னார்: “என் தப்புதான். பெட்டியைச் சரியா சூடாக்கல போல. பெட்டியில ஈரம் இருந்திருக்கும்.”

அந்த வார்த்தை என்னைக் காப்பாற்றியது. அதைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததை நினைத்து அடுத்த நிமிஷமே பயமாக இருந்தது.

நாங்கள் மூவரும் ஒரே மாடியில் குடியிருந்தவர்கள். தங்கைதான் எனக்கும் சேர்த்துச் சமைப்பாள். அந்த வாரமும் தவறாமல் சமைத்தாள். அவருக்கு ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி எடுத்துப் போவதற்கு முன்னால் எனக்குச் சோறு போட்டு எதிரே உட்காருவாள். கண் போய்விட்டால் என்ன செய்வது, அவரை ஊருக்கு அனுப்பிவிடுவார்களா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நான் சோற்றைப் பிசைந்தபடி, ஒன்றும் ஆகாது என்பேன். அவள் ரசம் ஊற்றும்போது கை தட்டில் பட்டுச் சத்தம் வந்தால்கூட எனக்குத் தூக்கிவாரிப்போடும். அச்சாபீசில் முதலாளி என்னைப் பார்த்தாலே, அடுப்பைக் கிளறி சாம்பலைப் பார்த்துவிட்டாரோ என்று நினைப்பேன். கடை முன்னால் கூரை போட்ட நடைபாதையில், அஞ்சடியில், போலீஸ்காரர் ஒருவர் வெயிலுக்கு ஒதுங்கி நின்றதைக் கண்டு பின்வாசல் வழியே போனேன். அவர் ஐஸ் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் மத்தியானம், தங்கை இல்லாத நேரம் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாப்பிள்ளை காலடிச் சத்தத்தை வைத்தே, “வாங்க மச்சான்” என்றார். நான் உட்காரவில்லை.

“பெட்டியில ஈரம் இல்ல, மாப்பிள்ளை. அட்டையில இருந்துச்சு. பசையை மாத்தியிருந்தேன். யார்கிட்டயும் சொல்லல.”

அவர் கட்டோடு முகத்தை என் பக்கம் திருப்பினார். “தெரியாம நடந்ததுதானே?”

அங்கே “ஆமாம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

“கன்னத்துல வச்சுப் பார்த்தேன். குளிர்ந்துச்சு. தெரிஞ்சுதான் குடுத்தேன். முதலாளி அவசரப்படுத்தினாரு. பயந்துட்டேன்.”

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, அதுவரை ஒருநாளும் என்னை ஒருமையில் பேசாதவர், “நீ போ” என்றார். “அவகிட்ட நான் சொல்லமாட்டேன். நீயே சொல்லு. இன்னைக்கே சொல்லு.”

வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். தங்கை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொல்லி முடித்தேன். அடுப்பில் போட்டு எரித்ததையும் சொன்னேன். அவள் கையை மட்டும் கழுவினாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“அன்னைக்கு என் முகத்தைப் பார்த்துத் தெரியலன்னு சொன்னியே” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான்கு மாதம் அவள் என்னிடம் பேசவில்லை. சோறு மூடிவைத்திருப்பாள், நான் போட்டுச் சாப்பிடுவேன்.

முதலாளியிடமும் சொன்னேன். கப்பல்தான் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். “நானும்தானே வாசல்ல நின்னு கத்தினேன்” என்றார். கொஞ்சம் கழித்து, “ஊத்துறதுக்கு ஆள் இல்ல. உன் அட்டையில நீயே ஊத்து” என்றார். தண்டனையாகச் சொன்னாரா, வேறு வழியில்லாமல் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.

கட்டு அவிழ்த்தபோது மாப்பிள்ளைக்கு வலது கண் தப்பியிருந்தது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான். கதவு திறப்பது தெரியும், யார் வருகிறார் என்று தெரியாது.

அட்டையை நான் முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருந்தது. வேறு எதுவும் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. மரவள்ளி மாவைத் தொடவில்லை. கோதுமை மாவையே இன்னும் அதிக நேரம் காய்ச்சி, துணியில் வடிகட்டி, அன்றன்றைக்குப் புதிதாக எடுத்துக்கொண்டேன். அதுவரை பசை அதிகம் இருந்தால் நன்றாக ஒட்டும் என்று நினைத்திருந்தேன். அதுவும் தப்பு. அதிகப் பசை என்றால் அதிக ஈரம். மெல்லியதாகத் தடவி, நடுவிலிருந்து ஓரம்வரை உருளையால் தள்ளி, காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் அடுத்த தாள். ஆறும் சேர்ந்ததும் ஈரக் கோணிக்குள் சுற்றிப் பாரத்துக்கு அடியில் ஒரு நாள் முழுக்க வைத்தேன். அப்போது எல்லாத் தாளிலும் ஈரம் ஒரே அளவாகிவிடுகிறது. ஒன்று அதிகம் சுருங்கி இன்னொன்றை இழுப்பதில்லை. காய்வதும் ஒன்றாகக் காய்கிறது. இத்தனைக்குப் பிறகும் மழை நாளில் பலகையில் இரண்டு மடங்கு நேரம் போட்டேன்.

முதல் அட்டை தயாரான காலையில் மாப்பிள்ளை அச்சாபீசுக்கு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. இடது கண்ணில் துணி, கன்னத்தில் இளஞ்சிவப்பாகப் புள்ளி புள்ளியாகத் தழும்பு.

“அட்டையை என் கையில குடு.”

கொடுத்தேன். தழும்பு இல்லாத கன்னத்தில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஓரம், நடு, மறு ஓரம் என்று நகர்த்தினார். “இன்னும் காயணும்” என்றார். எனக்குக் காய்ந்ததாகத்தான் பட்டது. திரும்பப் பலகையில் வைத்தேன். அரைமணி கழித்து மறுபடி வாங்கினார். மறுபடி பலகை. மூன்றாம் தடவை பெட்டியை அவரே தொட்டுப் பார்த்துவிட்டு, “ஊத்து” என்றார்.

கரண்டி கனமாக இருந்தது. ஈயத்தின் மேல் என் முகம் தெரிகிறதோ என்று தோன்றியது. தெரியவில்லை, நீலமாகப் படலம்தான் ஆடியது. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நான் ஒரு எட்டுப் பின்னால் நின்று கையை நீட்டினேன்.

“தூரத்துல நின்னா சிந்தும். கிட்ட போ” என்றார்.

கிட்டே போனேன். மூடிக்கொள்ளத் துடித்த கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு ஊற்றினேன். பெட்டி ஈயத்தை ஒரு சத்தமும் இல்லாமல் வாங்கிக்கொண்டது. நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்தபோது மாப்பிள்ளை தகட்டை வெளியே எடுத்து, ஒற்றைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு புள்ளி அடைச்சிருக்கு. மத்தபடி சரி” என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து வேலை மாறியது. அவர்தான் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் சொல்லித்தந்த முறைப்படியே அட்டையை அவர் செய்வார், ஊற்றுவது நான். நான் செய்த அட்டையை அவர் அதற்குப் பிறகு ஒருநாளும் பெட்டிக்குள் விடவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதும் இல்லை. ஒன்பது வருஷம் ஊற்றினேன். ஒன்றும் தெறிக்கவில்லை. ஆனாலும் கரண்டி சாய்கிற அந்த ஒரு நொடியில் ஒவ்வொரு தடவையும் என் கண் தானாக மூடப் பார்த்தது. அவர் செய்த அட்டை காய்ந்துதான் இருக்கும் என்று அறிவுக்குத் தெரியும். தெரிந்தும் பயந்தேன்.