நார்வேக்காரிக்கு வீடு பிடித்துக் கொடுத்தேன்

எங்கள் ஊர்க்காரர்கள் வெள்ளைக்காரர்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். அவர்கள் மதித்தது தொப்பியை, காரை, பின்னால் வரும் டவாலிச் சேவகனை. இந்த மூன்றும் இல்லாமல் ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் ஒரு நாள் காலை புதுக்கோட்டை ஸ்டேஷனில் மூன்றாம் வகுப்புப் பெட்டியிலிருந்து இறங்கினார்கள். தங்கள் பெட்டியைத் தாங்களே தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். யுத்தம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு, ஆனி மாதம். அந்தப் பெட்டியைக் கண்டதுமே ஊர் தீர்மானித்துவிட்டது, இது அசல் சரக்கு இல்லை என்று.

நான் அப்போது ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. பள்ளிக்கூடத்துப் படிப்பில் வந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு நான் காட்டிய மிதப்பு கொஞ்சநஞ்சமல்ல. ஸ்டேஷன் மாஸ்டர் ஆள் அனுப்பி என்னைத்தான் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், வெயிட்டிங் ரூம் பெஞ்சில் அந்த மனிதர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். முறைக் காய்ச்சல். திருச்சியில் பிடித்ததாம். பக்கத்தில் அந்த அம்மாள் ஈரத்துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். மூக்கு நுனி வெயிலில் உரிந்து போயிருந்தது.

அவருடையது கால் இங்கிலீஷ், என்னுடையது அரை. இரண்டும் சேர்ந்து முக்காலுக்கு வந்தது. அதில் தெரிந்தது இவ்வளவுதான்: ஊர் நார்வே. இரண்டு பேரும் பள்ளி ஆசிரியர்கள். பல வருஷம் சேமித்து விடுமுறைக்கு இந்தியா வந்தவர்கள். சித்தன்னவாசல் குகையில் இருக்கும் ஓவியங்களைப் பார்க்க வேண்டும் என்பது கணவரின் ஆசை. இப்போது அதெல்லாம் வேண்டாம், ஒரு மாதம் படுக்க ஓர் அறை கிடைத்தால் போதும். நம்மூர் டாக்டர் பார்த்துவிட்டு, கொய்னா மாத்திரை கொடுத்து, ஆளை அசைக்கக் கூடாது, இந்த நிலையில் ரயிலிலும் கப்பலிலும் ஏற்றினால் தாங்க மாட்டார் என்று சொல்லியிருந்தார். ஸ்டேஷன் மாஸ்டரோ, இன்ஸ்பெக்ஷன் வருகிறது, நாளைக்குள் காலி செய்ய வேண்டும் என்று கையைப் பிசைந்தார்.

சர்க்கார் பங்களாவுக்கு ஓடினேன். அங்கே இருந்த ரைட்டர், "தொரை யாருகிட்டயிருந்து லெட்டர் கொண்டாந்திருக்காரு?" என்று கேட்டார். அந்த அம்மாள் கொடுத்திருந்த, முத்திரை குத்திய ஒரு காகிதத்தை நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எழுத்து இங்கிலீஷு மாதிரித்தான் இருக்கு. படிச்சா இங்கிலீஷு வரலையே?"

"அவங்க பாஷைங்க. நார்வே."

"இங்கிலீஷு தெரியாத வெள்ளக்காரனும் இருக்கானா? போங்க தம்பி, யாரோ வேசம் கட்டி வந்திருக்கான், நீங்களும் நம்பிக்கிட்டு."

இந்த ரைட்டர், திருச்சிக் கலெக்டர் வீட்டுச் சமையல்காரன் வந்தால்கூட எழுந்து நிற்கிறவர். பங்களாவில் நான்கு அறைகளும் அன்று காலியாகத்தான் கிடந்தன. சத்திரத்தில் இந்துக்களுக்கு மட்டும் என்றார்கள். காப்பிக் கிளப்புக்காரர் மாடி அறையைக் காட்டவே மறுத்தார். மாட்டுக்கறி தின்கிறவர்கள் மாடியில் இருந்தால் கீழே இட்லி விற்காதாம். கீழ ராஜவீதியில் ஒருவர் காய்ச்சல்காரர் என்பதால் மறுத்தார். அதற்கடுத்த வீட்டுக்காரர், காய்ச்சல் பரவாயில்லை, அந்த அம்மாள் முழங்கால் தெரிய நடக்கிறாள் என்று மறுத்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம், ஒன்றுக்கும் முதுகெலும்பு கிடையாது.

கடைசியில் எனக்குப் பக்கத்து ஊரான அரிமளத்தில் இருந்த ஒருவர் நினைவு வந்தது. எங்கள் வக்கீலின் கட்சிக்காரர். ரங்கூனில் இருபது வருஷம் தொழில் செய்து திரும்பியவர். பர்மா தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லுமாக இழைத்துக் கட்டிய வீடு, முகப்பிலிருந்து பின்கட்டுக்குப் போவதற்குள் கால் வலிக்கும். இருந்தவர்கள் அவரும் அவர் மனைவியும் ஒரு மகளும்தான். கூடத்துச் சுவரில் ஆளுயரப் படம் ஒன்று: ஒரு வெள்ளைக்காரி அன்னத்துக்குத் தீனி போடுகிறாள், கழுத்துக்குக் கீழே பாதி துணி இல்லை. அவளுக்கு அந்த வீட்டில் நடுக்கூடத்திலேயே இடம் இருந்தது.

நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் ரங்கூன் கதையை எடுத்தார்.

"நான் போன புதுசுல வீடு குடுக்க மாட்டேன்னுட்டான் ஒருத்தன். பெருங்காய நாத்தம் அடிக்குதாம். என்ன மனுசன்னே நெனைக்கல. கொட்டுற மழையில பெட்டியோட நின்னேன், தெரியுமா?"

சொல்லும்போது கண் கலங்கியது. சரி, ஆள் இளகிவிட்டார் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிபந்தனைகளை அடுக்கினார். முகப்பில் இருக்கும் வண்டிக்காரன் அறைதான் தருவார். நிலைப்படி தாண்டி உள்ளே வரக் கூடாது. கிணற்றைத் தொடக் கூடாது. வேலைக்காரி எட்ட நின்று ஊற்றுவாள். கறி, முட்டை கூடாது. அவர்கள் தொட்ட பாத்திரம் போகும்போது அவர்களோடு போய்விட வேண்டும். வாடகை, ஊரில் கேட்டிராத வாடகை. ரங்கூனில் பட்டதை அந்த மனிதர் ஒன்றுகூட மறக்கவில்லை. அத்தனையையும் பத்திரமாகக் கொண்டுவந்து, முதலில் கையில் அகப்பட்ட பரதேசியின் தலையில் இறக்கி வைத்தார்.

இனி என் யோக்கியதையைச் சொல்கிறேன். இந்த நிபந்தனைகளை அந்த அம்மாளிடம் நான் எப்படிச் சொன்னேன் தெரியுமா? கிணற்றுச் சுவர் பலவீனமாக இருக்கிறது, உங்களுக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாது என்று வீட்டுக்காரர் கவலைப்படுகிறார் என்றேன். உள்ளே பெண்கள் கூச்சப்படுவார்கள் என்றேன். காய்ச்சலுக்குக் கறி ஆகாது என்பது எங்கள் வைத்தியம் என்றேன். பாத்திரங்களை உங்களுக்குப் பரிசாகவே தருகிறார் என்றேன். அவர் ஒவ்வொன்றுக்கும் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். "எவ்வளவு நல்ல மனிதர்" என்று அவர் சொன்னதை நான் வீட்டுக்காரரிடம், "ஐயா சொன்னபடி நடந்துக்கிறேங்கிறாங்க" என்று மாற்றினேன். இரண்டு பக்கமும் எனக்கு நல்ல பெயர். கட்சிக்காரரும் கோபிக்கவில்லை, வக்கீலும் திட்டவில்லை. அவர்களை அந்த வண்டிக்காரன் அறையில் சேர்த்துவிட்டு, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். அந்த அறையில் ஒரே ஒரு ஜன்னல், அதுவும் மாட்டுத்தொழுவத்தைப் பார்த்தது. அந்த மனிதர் கயிற்றுக் கட்டிலில் கிடந்தபடி, ஜன்னல் வழியாகத் தெரிந்த மாட்டைப் பென்சிலால் வரைந்துகொண்டிருப்பார். காய்ச்சல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது. பிறகு வருவது கொஞ்சம் குறைந்தது. மூன்றாவது வாரம் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்தார். இன்னும் பத்து நாள் கிடந்தால் ஆள் தேறிவிடுவார் என்று டாக்டர் சொன்னார்.

அந்தப் பத்து நாள்தான் கிடைக்கவில்லை. வீட்டுக்காரரின் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள், வீட்டில் வெள்ளைக்காரர்கள் இருக்கும் செய்தி கேட்டுச் சொல்லி அனுப்பினார்களாம்: ஆட்களைக் கிளப்பி, வீட்டைச் சுத்தி பண்ணினால்தான் படியேறுவோம்.

"நாளைக்குக் காலையில கெளம்பச் சொல்லிருங்க" என்றார் வீட்டுக்காரர்.

அந்த அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார். பத்து நாள், பத்தே நாள், வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் கேட்கட்டுமா என்றார். நான் உள்ளே போய்க் கேட்டேன். கேட்டேன் என்றால், நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்று, வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு, "பத்து நாள் கேக்குறாங்கய்யா" என்று முனகினேன். அவர் முறைத்தார். "சரிங்கய்யா" என்று திரும்பிவிட்டேன். அந்த அம்மாளிடம், "அவருக்கு மனசே இல்லை, கல்யாண விருந்தாளிகள் வருகிறார்கள், என்ன செய்வது என்று வருந்துகிறார்" என்றேன். உள்ளது உள்ளபடி சொல்லியிருந்தால் அந்த அம்மாள் தர்பார் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்து கத்தியிருப்பார். அத்தனை பிடிவாதம் அவரிடம் இருந்தது. யாரோ ஓர் அதிகாரி வெட்கப்பட்டு அந்தப் பங்களாவைத் திறந்துவிட்டிருக்கவும் கூடும். நான் சொன்னதை நம்பி, நல்லவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று அந்த அம்மாள் பெட்டி கட்டினார்.

இதற்குள் சாஸ்திரிகள் வந்துவிட்டார். மறுநாள் அஷ்டமி, அப்புறம் ஆடி பிறக்கிறது, ஆகவே சுத்தியை இன்றைக்கே செய்துவிட வேண்டும் என்றார். தீட்டுக்குக் காரணமானவர்கள் இன்னும் அறைக்குள்ளேயே இருக்கிறார்களே என்று நான் கேட்டேன். கதவைச் சாத்தி வைத்தால் போதும், சாஸ்திரத்தில் இடம் இருக்கிறது என்றார். கேட்கிறவர் பணக்காரராக இருந்தால் சாஸ்திரத்தில் மாட்டு வண்டி திரும்பும் அளவுக்கு இடம் இருக்கும். முகப்பிலேயே செங்கல் அடுக்கி ஹோமம் வளர்த்தார்கள். கலசம் வைத்து, மாவிலை செருகி, மந்திரம் ஆரம்பமாகியது.

கதவைச் சாத்தத்தான் மறந்துவிட்டார்கள். புகை வாசனைக்கு அந்த அம்மாள் வெளியே வந்தார். நெருப்பையும் கலசத்தையும் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, இது என்ன என்று கேட்டார்.

அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, இது உங்கள் தீட்டைக் கழுவுவதற்கு என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. "உங்கள் கணவர் குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார்கள்" என்றேன்.

அவர் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு விடுவிடுவென்று உள்ளே போய்க் கணவரைத் தோளில் சாய்த்துக் கொண்டுவந்தார். எலும்பும் தோலுமாக அந்த மனிதர் சலவைக்கல் தரையில் மண்டியிட்டார். அந்த அம்மாளும் பக்கத்தில் மண்டியிட்டார். சாஸ்திரிகள் அப்போதுதான் மாவிலையால் தூண்களுக்கும் சுவருக்கும் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் தங்களுக்கும் தெளிக்கச் சொல்லித் தலையை நீட்டினார்கள்.

மந்திரம் நின்றது. சாஸ்திரிகள் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"அங்கிட்டுப் போகச் சொல்லுங்கய்யா அந்தக் கழுதைகள!" என்று சீறினார்.

"வீட்டுக்காரர், நீங்கள் களைத்துப் போவீர்கள், உள்ளே ஓய்வெடுங்கள் என்கிறார்" என்றேன்.

அவர்கள் எழுந்து, அந்த மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டபடி வீட்டுக்காரரைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு உள்ளே போனார்கள். அவர்கள் மண்டியிட்ட இடத்தைச் சாஸ்திரிகள் இரண்டு தடவை கூடுதலாகக் கழுவச் சொன்னார். மறுநாள் விடியற்காலையில் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி அந்த மனிதரைப் படுக்க வைத்தேன். மறுபடியும் குளிர் ஆரம்பித்திருந்தது. நான் கூடவே, அவர்கள் கப்பல் ஏறும் தூத்துக்குடி வரைக்குமாவது போயிருக்கலாம். வக்கீலிடம் லீவு கேட்க வேண்டுமே என்று ஸ்டேஷனோடு நின்றுகொண்டேன்.

சம்பந்தம் நல்லபடியாகக் கூடிவந்தது. வீட்டுக்காரருக்கு மாப்பிள்ளை கிடைத்தார், சாஸ்திரிகளுக்கு வேஷ்டி கிடைத்தது. எனக்குக் கல்யாணச் சாப்பாடு, முதல் பந்தியில். வெட்கம் இல்லாமல் சாப்பிட்டேன்.

அடுத்த வருஷம் வக்கீல் ஆபீஸ் விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அந்த அம்மாள் எழுதியது, வீட்டுக்காரருக்கு. கால் இங்கிலீஷ் அரையாக வளர்ந்திருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு அரிமளம் போனேன். வெள்ளைக்காரியிடமிருந்து தபால் என்றதும் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கேட்பதற்குப் பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டார்.

படித்தேன். கணவர் ஊர் போய்ச் சேரவில்லை. கப்பலிலேயே இறந்துவிட்டார். கடலிலேயே போட்டுவிட்டார்கள்.

"அடடா" என்றார் வீட்டுக்காரர். கொஞ்சம் யோசித்தார். "நல்ல வேளை, நம்ம வீட்டுல போகல. தெய்வம்தான் காப்பாத்துச்சு. வேற என்ன எழுதியிருக்கு?"

மீதியையும் படித்தேன். பூமியில் என் கணவருக்குக் கல்லறை என்று ஓர் இடம் கிடையாது. முன்பின் தெரியாத ஓர் அந்நியனுக்காக நீங்கள் உங்கள் வீட்டில் நெருப்பு மூட்டி வேண்டிக்கொண்டீர்கள். அதைத்தான் நான் அவருடைய கல்லறை என்று நினைத்துக்கொள்கிறேன். முடியுமானால் வருஷத்துக்கு ஒரு தடவை, அதே நாளில், அவர் பெயரைச் சொல்லி அந்தப் பூஜையைச் செய்வீர்களா?

"எந்தப் பூஜை?" என்றார் வீட்டுக்காரர். நிஜமாகவே அவருக்கு நினைவில்லை.

"அவங்க இருந்த தீட்டு போகணும்னு ஹோமம் வளத்தீங்களே, அது" என்றேன். அந்த விவகாரம் முழுவதிலும் நான் நேராக மொழிபெயர்த்தது அது ஒன்றைத்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சிரித்தார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. கடிதத்தை வாங்கி, தபால்தலையில் இருந்த ராஜாவின் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார்.

"அதுக்கென்ன, வருசா வருசம் பண்றோம்னு எழுதிப் போடுங்க. நாலு நல்ல வார்த்தையும் சேத்துக்கங்க, ஒங்களுக்குத்தான் அது நல்லா வருமே."

எழுதினேன். நாலுக்கு மேலேயே சேர்த்தேன்.