ஒதுக்கி வைத்தது

கோயம்புத்தூரில் ஒரு மாலைப் பத்திரிகையில் எனக்கு வேலை. மத்திய பட்ஜெட் அன்று, அமைச்சர் பேசப் பேச நான் தமிழில் அடித்துக்கொண்டே வரவேண்டும். மதியத்துக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும். வருடா வருடம் நான் அதிகம் அடிக்கிற சொல் 'ஒதுக்கீடு'. தலைப்பில் அடக்கமாக உட்காரும், எதற்கும் பொருந்தும். பட்ஜெட்டில் 'உபரி' என்று தலைப்பு எழுத எனக்கு ஒரு வருடமும் வாய்த்ததில்லை. எப்போதும் பற்றாக்குறைதான்.

சில வருடங்களுக்கு முன் அந்தப் பேச்சில், சிறிய ஊர் ஆஸ்பத்திரிகளில் டயாலிசிஸ் வசதி செய்யப் பணம் ஒதுக்கீடு என்று வந்தது. அடித்த வரியை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். கிணத்துக்கடவு தாண்டி ஒரு கிராமத்தில் இருந்த என் தங்கைக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்திருந்தன. ரத்தத்தைச் சுத்தம் செய்ய வாரத்தில் மூன்று நாள் கோவைக்குப் பஸ்ஸில் வந்து போனாள். திரும்பும்போது ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, வாந்தியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

தங்கையின் கணவருக்கு உடனே போன் போட்டேன்.

"ஒதுக்கிப்போட்டாங்களா மச்சான்? அப்பறம் என்னங்க! ஒதுக்குனதை யாராச்சும் தொடுவாங்களா?"

மாப்பிள்ளை தென்னை விவசாயி. விதைக்கென்று பொறுக்கிய தேங்காய்களை உள்ளறை மூலையில் தனியாகப் போட்டு வைத்திருப்பார். சட்னிக்குத் தேங்காய் இல்லாவிட்டால் கடையில் போய் வாங்குவார்களே தவிர, அதில் கைவைக்க மாட்டார்கள். ஒதுக்குவது என்றால் அவருக்கு அதுதான். டில்லியிலும் ஏதோ ஓர் அறை மூலையில் தன் மனைவிக்கான பணம் யாரும் தொடாமல் கிடக்கிறது என்று மனதார நம்பினார். எனக்கும் அன்றைக்கு அப்படி நம்பத்தான் ஆசையாக இருந்தது.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ஓர் அறைக்கு வெள்ளையடித்தார்கள். 'டயாலிசிஸ் பிரிவு' என்று பலகை மாட்டினார்கள். பிறகு பூட்டினார்கள். தங்கை மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டு வருவாள்.

"பூட்டு நல்லா மின்னுதுங்ணா" என்று சிரிப்பாள். மெஷின் வரவேயில்லை.

அடுத்த பட்ஜெட் வந்தபோது தேடிப் பார்த்தேன். போன வருடத் தொகைகளை மாற்றிக் காட்டும் 'திருத்திய மதிப்பீடு' என்ற பகுதியில் அந்தத் தொகை சத்தமில்லாமல் இளைத்திருந்தது. இதில் ரகசியம் ஒன்றுமில்லை. வரவு போதாமல் அரசாங்கம் கடன் வாங்குகிறது. பழைய கடனுக்கு வட்டி கட்டாமல் இருக்க முடியாது, ஆனால் ஓர் அறையைத் திறக்காமல் இருக்க முடியும். வட்டி கேட்க ஆள் வருவான். பஸ்ஸில் மயங்கிக் கிடப்பவள் யாரிடம் போய்க் கேட்பாள்? அன்றைக்கும் அதே வசதிக்குப் புதிதாக ஒரு தொகை ஒதுக்கியிருந்தார்கள். அதையும் நான்தான் தமிழில் அடித்தேன்.

கடைசி மாதங்களில் அவளால் பஸ் ஏற முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் வாடகைக் கார் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு மழை நாளில், கோவைக்கு வரும் வழியிலேயே, புருஷன் மடியில் தலை வைத்தபடி இறந்துபோனாள். பலகை மாட்டிய அந்த ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் கார் வந்திருக்கிறது.

இந்த வருடம் பட்ஜெட் அன்று மாப்பிள்ளையே போன் செய்தார்.

"இந்த வருசமும் ஒதுக்கியிருக்காங்களா மச்சான்?"

"ஒதுக்கியிருக்காங்க மாப்ள" என்றேன். அதோடு நிறுத்த முடியவில்லை. டில்லியிலிருந்து அந்தப் பூட்டு வரைக்கும் ஒருத்தரையும் விடாமல் திட்டித் தீர்த்தேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"திட்டாதீங்க மச்சான். ஒதுக்குனதை யாரும் தொடமாட்டாங்கன்னு நாந்தானுங்க சொன்னேன். கடைசியில காரு வாடகைக்கு அந்த வெதைத் தேங்காய் எல்லாத்தையும் நானே வித்துப்போட்டேனுங்க. அவிங்களுக்கும் என்ன அவசரமோ, பாவம்."

பாவம் என்றார், அரசாங்கத்தை. போனை வைத்தேன். எதிரே திரையில் பாதித் தலைப்பு நின்றிருந்தது. 'ஒதுக்கீடு' என்பதற்கு வேறு சொல் போடலாமா என்று ஆசிரியரிடம் கேட்டேன்.

"இதைவிடச் சின்னதா இருந்தா போடுங்க" என்றார்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்படியே அச்சுக்குப் போனது.