பொம்மை ஒண்டும் கேக்காது

இண்டைக்கு யாழ்ப்பாணத்திலை ஸ்கான் எடுக்கப் போனன். எனக்கு இது ஏழாம் மாதம்.

எடுத்தது பயிற்சியிலை இருக்கிற ஒரு டொக்டர் பிள்ளை. வயித்திலை கருவியை வைச்சுக்கொண்டு திரையையே பாத்துக்கொண்டிருந்தா. ஒரு சொல்லும் கதைக்கேல்லை.

பக்கத்திலை நிண்ட மாமி "முருகா, முருகா" எண்டு தொடங்கீட்டா.

"பிள்ளைக்கு ஏதும் பிரச்சினையோ, டொக்டர்?" எண்டு கேட்டன்.

திடுக்கிட்டு நிமிர்ந்தா. "ஐயோ, இல்லை அக்கா. எல்லாம் நல்லா இருக்கு. இவ்வளவு நாளும் சிமுலேட்டர்ப் பொம்மையிலைதான் ஸ்கான் பழகினனாங்கள். அது ஒண்டும் கேக்காது."

பிறகு இதயம், முள்ளந்தண்டு, கால் எண்டு ஒவ்வொண்டாக் காட்டிச் சொன்னா.

அந்தப் பொம்மையைச் செய்யிற ஆக்கள் ஆரும் இதை வாசிச்சால், அதுக்கு ஒரு வாயும் வைச்சு விடுங்கோ. முடிஞ்சால் பக்கத்திலை ஒரு மாமியும்.