நாலாங்கட்டையில் ஒரு வாடகை வீடு, சுமத்ரா காற்றோடு

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குத் தோட்டத்துக் கம்பிவேலிக் கதவு திறந்ததும் முதலில் வெளியே வந்தது எங்கள் வாடகைக் கார்தான். வந்தது என்றால் பத்தடி. அதற்குள் காவலர்கள் நிறுத்தி, அடையாள அட்டைகளைப் பார்த்து, என் மனைவி கமலாவின் அடுக்குப் பாத்திரத்தை ஒவ்வொரு தட்டாகத் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. அவசரகாலச் சட்டம் வந்து ஏழு வருடமாகிறது. காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமோ என்று ஒரு பிடி சோறுகூடத் தோட்டத்தைவிட்டு வெளியே போகக்கூடாது. காலிப் பாத்திரத்துக்கு இத்தனை மரியாதையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கோலா சாவா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி. கணக்கு எழுதுவது வேலை, கவலைப்படுவது பழக்கம். இந்தப் பயணத்தில் என் கவலைக்குப் பெயர் தனம். என் தங்கை, வயது இருபத்து மூன்று, தோட்டத்துப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். அவளைப் பெண் பார்க்க இதற்கு முன் இரண்டு இடங்களிலிருந்து கிளம்பினார்கள். முதல் வீட்டார் மங்கலத் தட்டில் பச்சரிசி வைத்துக்கொண்டு வந்தார்கள். சாலைச் சோதனையில் அரிசியோடு அவர்களையும் இறக்கி உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டாவது வீட்டார் தோட்டத்துக் கதவுவரை வந்தார்கள். அன்று பார்த்து ஊரடங்கை மூன்று மணிக்கே போட்டுவிட்டார்கள். இரண்டு தடவையும் பழி ஊரடங்கின்மேல் விழவில்லை. 'தடங்கல் பிடித்த பெண்' என்று தனத்தின்மேல் விழுந்தது. மூன்றாவதும் கெட்டால் நாலாவதாக யாரும் வரமாட்டார்கள் என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் குழந்தைக்கும் தெரியும்.

அதனால்தான் வேலிக்கு வெளியே ஒரு வீடு பிடித்து அங்கே பெண் காட்டுவது என்று முடிவு செய்தேன். சிரம்பானில் ஓட்டல் அறை எடுக்கலாம் என்றேன். "ஓட்டல்ல வச்சா பொண்ணு காட்டுவாங்க?" என்று கமலா ஒரே கேள்வியில் அதை மூடிவிட்டாள். பெடாஸில் தெரிந்தவர் வீடு இருந்தது. ஆனால் அந்தச் சாலையில் சோதனை அதிகம். மிஞ்சியது போர்ட்டிக்சன். கடற்கரைச் சாலையில் நாலாங்கட்டை, அதாவது நாலாவது மைல்கல், அதனருகே காசிம் பாய் ஒரு பலகை வீட்டை வாடகைக்கு விடுகிறார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்த்தேன். நாளைக்கு எட்டு வெள்ளி. ஆவணியில் மட்டும் ஐந்து வெள்ளி.

"ஏன் பாய் கொறைச்சல்?" என்று கேட்டேன்.

"தம்பி, ஒளிச்சு வச்சு வியாபாரம் பண்ண எனக்குத் தெரியாது. இந்த மாசம்லாம் சுமத்ரா காத்து வரும். கடலுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து கருப்பா எந்திரிச்சு வந்து ஒரு மணி நேரம் ஆடிட்டுப் போயிரும். வந்தா வாடகை திரும்பாது. வரலேன்னா ஒங்க அதிர்ஷ்டம்லா."

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் யோசித்தேன். ஆடியில் பேச்சே எடுக்கக்கூடாது. புரட்டாசி வேண்டாம் என்பது மலாக்காவில் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டார் கட்சி. மார்கழிவரை காத்திருந்தால் காற்று அடங்கும்; ஆனால் மார்கழியில் யார் பெண் பார்ப்பார்கள்? பஞ்சாங்கம் ஒரு பக்கம் இழுக்க, வானிலை மறுபக்கம் இழுத்தது. காற்று எல்லா நாளும் வருவதில்லை, ஊரடங்கு எல்லா நாளும் வருகிறது என்று கடைசியில் மனத்தைத் தேற்றிக்கொண்டு முன்பணம் கட்டினேன். கட்டிய அன்றிலிருந்து ஒழுங்காகத் தூங்கவில்லை.

ரந்தாவ் தாண்டி, லுக்குட் தாண்டி, இருபது மைலுக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தை இரண்டு சோதனைகளோடு கடந்து, ஒன்பது மணிக்குள் சாவியை வாங்கிவிட்டோம். அரிசி, பருப்பு எல்லாம் பாய் கடையிலேயே வாங்கினோம். வீடு கால்கள்மேல் நின்றது. முன்னால் விறாந்தை, அதன் முன் சவுக்கு மரங்கள், அதற்கப்பால் கடல். பின்னால் துத்தநாகத் தகடு போட்ட சமையற்கட்டு. எங்கள் கார் ஓட்டுநர் ரத்தினம் கூரையை அண்ணாந்து பார்த்து, "கிராணி, இந்தத் தகடு காத்தடிச்சா எங்கூட தோட்டத்துக்கே வந்துரும் போல" என்றார். மனுஷன் வாயில் நல்ல வார்த்தையே வராது.

அன்று மாலை ஏழு மணிக்குத் தனம் மணலில் தனியாக நடந்துகொண்டிருந்தாள். தோட்டத்தில் அந்த நேரத்துக்கு வாசற்படியில்கூட நிற்க முடியாது. நான் கூப்பிட்டேன். "இருண்ணே, இன்னும் கொஞ்ச நேரம்" என்றாள். மறுபடி கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் மலாக்காவிலிருந்து காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை சிதம்பரம், துணிக்கடைக் கணக்கர், கையில் குடை. அவருடைய தாயார் மீனாட்சியம்மாள், கையில் பூப்பழத் தட்டு. பார்வையில் எட்டு ஊர் நியாயம். மற்றவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். "கூட்டம் சேந்தா பேச்சு கெட்டுப் போவும்" என்றார். எனக்கு அவரைப் பிடித்தது, பயமாகவும் இருந்தது.

தனம் காப்பித் தட்டோடு வரவும் கடல் கறுக்கவும் சரியாக இருந்தது. நான் கடலைப் பார்த்தேன், கமலா என்னைப் பார்த்தாள். சவுக்கு மரங்கள் ஒரே திசையில் படுத்தன. கதவுகள் படாரென்று அடித்துக்கொண்டன. தனம் தட்டைச் சாய்க்காமல் மீனாட்சியம்மாள் முன் வைத்துவிட்டு, ஓடிப்போய்ச் சன்னலைச் சாத்தினாள். அடுத்த நொடி பின்பக்கம் ஒரு பெரிய சத்தம். சமையற்கட்டுத் தகடு ஒன்று பிய்ந்து வேலிக்கு அப்பால் பறந்துகொண்டிருந்தது. அது போன ஓட்டை வழியாக மழை நேரே அடுப்பின்மேல் இறங்கியது. மூன்றாவது தடங்கல், அதுவும் காப்பி கொடுக்கிற நேரத்தில்! ஐந்து வெள்ளிக்கு ஆசைப்பட்டேனே என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையற்கட்டுக்குள் போய், அடுப்புக்கு மேலே தன் குடையை விரித்துப் பிடித்தார். கமலா அந்தக் குடைக்கு அடியில் சாம்பார் கொதிக்க வைத்தாள். பெண் பார்க்க வந்தவர் ஒரு மணி நேரமாகச் சாம்பாருக்குக் குடை பிடித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

காற்று பாய் சொன்னபடி ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. மழையும் விட்டது. சிதம்பரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சடக்கில் மூன்று சவுக்கு மரம் சாலையை மறித்து விழுந்து கிடக்கிறது, அறுத்து முடிக்க இரண்டு மணியாகும் என்றார். மீனாட்சியம்மாள் தகடு போன இடத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு விறாந்தைக்குத் திரும்பினார்.

பன்னிரண்டரைக்குக் கமலா இலை போட்டாள்.

"எங்களுக்கு வேணாம்மா" என்றார் மீனாட்சியம்மாள். "பேச்சு முடியாம பொண்ணு வீட்டுல கை நனைக்கிற பழக்கம் எங்க பக்கத்துல இல்ல."

அது எங்கள் பக்கத்திலும் உள்ள வழக்கம்தான். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். வற்புறுத்தினால் கட்டாயப்படுத்துவதாகும், விட்டுவிட்டால் விருந்தினரைப் பட்டினி போட்டதாகும். அவர்கள் விடியுமுன் கிளம்பியவர்கள், வழியிலும் பசியாறவில்லை. சிதம்பரத்தின் வயிறு சத்தம் போட்டது. அவர் கடலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

உள்ளறை வாசலில் நின்ற தனம் வெளியே வந்தாள். உள்ளே போ என்று நான் கண்ணைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"அம்மா, இது எங்க வீடு இல்லீங்க. வாடகை வீடு. ஒரு நாளைக்கு அஞ்சு வெள்ளி. நீங்க பாதி குடுத்துட்டா ஒங்க வீடும்தான். ஒங்க வீட்டுல நீங்க சாப்புடறதுக்கு யாரு என்ன சொல்ல முடியும்?"

கமலா கரண்டியோடு அப்படியே நின்றாள். மீனாட்சியம்மாள் தனத்தை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து இரண்டரை வெள்ளியை என் பக்கம் நகர்த்தினார்.

"வாங்கிக்குங்க தம்பி. அப்ப இது என் வீடுதானே?"

"ஆமாங்க" என்றேன்.

"அப்ப என் வீட்டுல நான்தான் பரிமாறுவேன். நீ ஒக்காரும்மா மொதல்ல."

தனத்தை இலைமுன் உட்காரவைத்து, தன் கையால் சோறு போட்டு, குடைக்கு அடியில் வெந்த சாம்பாரை ஊற்றினார். எல்லாருக்கும் போட்டுவிட்டுத் தானும் உட்கார்ந்தார். தனம் இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள்.

"இப்ப கை நனைச்சது நீதான், என் வீட்டுல" என்றார் மீனாட்சியம்மாள். "அதனால ஒன்னைத்தான் கேக்கணும். சம்மதமா?"

"அம்மா, இந்தக் காத்து, தகடு..." என்று நான் வாயைத் திறந்தேன்.

"காத்துக்கு என்னா தெரியும், இங்க பொண்ணு பாக்குறாங்கன்னு? நீங்க சாப்புடுங்க தம்பி. பொண்ணு சொல்லட்டும்."

தனம் தண்ணீர் குடித்தாள். மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாள்.

"ஒங்க ஊருல கர்பியூ எத்தன மணிக்குங்க?"

"எங்க ஊருல இப்ப கர்பியூவே இல்லீங்க. எடுத்து ரெண்டு வருசமாச்சு" என்றார் சிதம்பரம். கொஞ்சம் யோசித்து, "ராத்திரி ஒம்பது மணிக்குக்கூடக் கடற்கரைக்குப் போலாம். நான் தனியாத்தான் போறேன்" என்றார்.

"அப்ப சம்மதம்" என்றாள் தனம். சொல்லிவிட்டு ரசம் கேட்டாள்.

மூன்று மணிக்குச் சாலை திறந்தது. தை மாதம் கல்யாணம் என்று சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். எனக்குப் பாட வேண்டும்போல் இருந்தது. கமலா இருந்ததால் பாடவில்லை. திங்கட்கிழமை சாவி கொடுக்கப் போனபோது பாய் தகட்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டு, "காத்து வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். வந்தது, வந்ததும் நல்லது என்றேன். அவர் புரியாமல் தலையாட்டினார்.

போர்ட்டிக்சனுக்குப் போக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆவணியில் வீடு பிடிப்பதானால் முதலில் கூரையைப் பாருங்கள், பிறகு பஞ்சாங்கத்தைப் பாருங்கள், குடை கொண்டுபோங்கள். மற்றதெல்லாம் உங்கள் அதிர்ஷ்டம்.

திங்கட்கிழமை மாலை ஐந்தரைக்குத் தோட்டத்துக் கதவை அடைந்தோம். அதே காவலர்கள், அதே சோதனை. நாங்கள் உள்ளே வந்ததும் கதவைச் சாத்திச் சங்கிலி போட்டார்கள். ஏழு வருடமாக அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தனம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அன்று கார் சன்னல் வழியாகத் தலையை நீட்டி நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தை வரைக்கும்தாண்ணே" என்றாள்.

கமலாவும் நானும் தைக்குப் பிறகும் உள்ளேதான் இருப்போம். ஒருத்தியாவது வெளியே போகிறாளே.