கடலில் போன பனியன் மூட்டைகள்

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது. கணவர் இறந்த பிறகு திருப்பூரில் எங்கள் சின்ன பனியன் கம்பெனியை நானே நடத்திவந்தேன். தூத்துக்குடியிலிருந்து தோணியில் கொழும்புக்கு அனுப்பிய என் மூட்டைகள் போய்ச் சேரவில்லை. புயலில் கடலில் தள்ளிவிட்டதாகத் தோணி ஓட்டிய தண்டல் சொன்னாராம். மற்ற வியாபாரிகளின் சரக்கு பத்திரமாக இறங்கியிருந்தது. என் சரக்கு மட்டும் எப்படிப் போகும்? திருட்டுத்தான் என்று முடிவு கட்டினேன்.

புகாரை எழுதி எடுத்துக்கொண்டு உள்ளூர் வக்கீலிடம் போனேன். அவர் படித்துவிட்டு, "கெணறு, வரப்புன்னா நான் பேசுவனுங்க அம்மிணி. கடல் சட்டம் எனக்குத் தெரியாதுங்க" என்றார். வந்த கேஸை விடுகிற வக்கீலை அன்றுதான் பார்த்தேன். தூத்துக்குடியில் தோணி வழக்குகள் நடத்தும் தன் நண்பருக்குக் கடிதமும் கொடுத்தார்.

தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். தூத்துக்குடி வக்கீல் என் புகாரை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, முதலில் துறைமுகத்துக்குப் போவோம் என்றார். அங்கே வலது கையில் கட்டோடு தண்டல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"தோணி ஒருபக்கமா சாஞ்சிட்டுக்கா. உள்ள ஏழு பேரு இருந்தோம். மேலடுக்குல உங்க மூட்டதான் இருந்துச்சு. அத தள்ளுன பொறவுதான் நிமிந்துச்சு."

உடனிருந்த தோணிக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். என் மூட்டைகளைத் தள்ளும்போது கயிறு அறுத்துக் கிழித்த கை அது என்று பிறகு தெரிந்தது. என் புகார் போயிருந்தால் அந்த மனிதர் மறுபடி தோணி ஏறியிருக்க முடியாது.

"எல்லாரையும் காப்பாத்த ஒருத்தர் சரக்கைத் தள்ளினா, தப்பின சரக்குக்காரங்க எல்லாரும் அந்த நஷ்டத்துல பங்கு ஏத்துக்கணும். அது தயவு இல்லம்மா, சட்டம்" என்றார் வக்கீல்.

வக்கீலின் மேஜைக்குத் திரும்பியதும், புகாரில் திருட்டு என்று எழுதியிருந்த ஒவ்வோர் இடத்தையும் என் கையாலேயே கோடு போட்டு அடித்தேன். அவர் மற்ற வியாபாரிகளுக்குப் புதிதாக நோட்டீஸ் எழுதினார். தண்டலே சாட்சிக் கையெழுத்துப் போட்டார், இடது கையால். சில வியாபாரிகள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் கோர்ட் படி ஏறாமலே எல்லோரும் தங்கள் பங்கைத் தர ஒப்புக்கொண்டார்கள். அடுத்த சரக்கை அதே தண்டலின் தோணியில்தான் ஏற்றினேன்.

அதன் பிறகு எத்தனையோ வம்புவழக்குகளைப் பார்த்துவிட்டேன். ஆனால் எதிராளியின் முகத்தை நேரில் பார்க்காமல், அவர் சொல்வதைக் கேட்காமல், யார்மீதும் ஒரு வரி புகார் எழுதியதில்லை.